2,280 பெயர்கள்: இந்திய சைக்கிள் கூட்டமைப்புக்கு ஒரு திறந்த மடல்

இந்திய சைக்கிள் கூட்டமைப்பின் தலைவர், செயலாளர், நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

தென் தமிழ்நாட்டில் ஒரு மாவட்டத் தலைநகரில் உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். சைக்கிள் பந்தய வீரனாக ஒருபோதும் இருந்ததில்லை. மணிக்கணக்கில் வாடகை சைக்கிள் எடுத்து, குரங்குப் பெடல் போட்டு ஓட்டக் கற்றுக்கொண்ட தலைமுறையைச் சேர்ந்தவன், அவ்வளவுதான். ஆனால் பேரறிஞர் அண்ணா பிறந்தநாளையொட்டி ஆண்டுதோறும் எங்கள் மாவட்டத்தில் நடக்கும் மாணவர் மிதிவண்டிப் போட்டியில் பல ஆண்டுகள் தொடக்கக் கோட்டில் நின்று விசில் ஊதியிருக்கிறேன்; முடிவுக் கோட்டில் நின்று வந்து சேர்ந்த பிள்ளைகளின் பெயரை எழுதியிருக்கிறேன். அந்தப் பெயர்களைப் பற்றித்தான் இந்த மடல். அதற்கு முன்னால், இந்திய சைக்கிள் விளையாட்டில் நான் மறக்க முடியாத ஓர் ஆண்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அந்த ஆண்டுதான் என்னை எழுத வைக்கிறது.

அது 2018 ஆகஸ்டில் தொடங்கி 2019 ஆகஸ்டில் முடிந்த ஆண்டு. சுவிட்சர்லாந்தின் ஏய்க்ல் நகரில் நடந்த ஜூனியர் உலக சாம்பியன்ஷிப்பில், அந்தமான் நிக்கோபார் தீவுகளைச் சேர்ந்த ஏசோ ஆல்பன் கெய்ரின் பந்தயத்தில் வெள்ளி வென்றார். கெய்ரினைப் பார்த்திராதவர்களுக்காக ஒரு வரி: முன்னால் ஒரு மோட்டார் வண்டி படிப்படியாக வேகத்தைக் கூட்டிக்கொண்டே செல்ல, வீரர்கள் அதன் பின்னால் இடத்துக்கு முட்டிமோதிக்கொண்டு ஓட்டுவார்கள், மூன்று சுற்றுகள் மிச்சமிருக்கும்போது வண்டி விலகிக்கொள்ளும், பிறகு எல்லாம் கால்களும் துணிச்சலும்தான். செக் நாட்டு வீரரிடம் ஏசோ தங்கத்தை இழந்தது 0.017 வினாடியில். அந்த வேகத்தில் அது ஏறத்தாழ அரைச் சக்கர நீளம். உலக சாம்பியன்ஷிப் எதிலும் இந்திய சைக்கிள் வீரர் ஒருவர் பதக்கம் பெற்றது அதுவே முதல் முறை.

அடுத்த ஆகஸ்டில் ஜெர்மனியின் ஓடர் நதிக்கரையிலுள்ள ஃபிராங்க்ஃபர்ட்டில் ஜூனியர் ஆடவர் குழு ஸ்பிரிண்டில் இந்தியா தங்கம் வென்றது. ஏசோவுடன் ரொனால்டோ சிங், ரோஜித் சிங், ஜேம்ஷ் சிங் ஆகியோர் அந்த அணியில் இருந்தார்கள். குழு ஸ்பிரிண்ட் என்பது, அணியிலிருந்து மூவர் மட்டும் இறங்கி, 250 மீட்டர் தடத்தில் ஓட்டும் மூன்றே சுற்று. முதல் வீரர் ஒரு சுற்று காற்றைக் கிழித்து இழுத்துவிட்டு விலக வேண்டும், இரண்டாமவர் அடுத்த சுற்றை இழுத்துவிட்டு விலக வேண்டும், மூன்றாமவர் கோட்டைத் தொட வேண்டும். முக்கால் நிமிடத்தில் முடிந்துவிடும் இந்தப் பந்தயத்தில் ஒருவரின் பின்சக்கரத்துக்கும் அடுத்தவரின் முன்சக்கரத்துக்கும் இடையில் ஒரு சாண் கூடிவிட்டால் போதும், எல்லாம் போய்விடும். தனி மனிதத் திறமையால் வரும் பதக்கம் இதுவன்று. பல மாதங்கள் ஒரே கூரையின் கீழ் ஒன்றாகத் தின்று, ஒன்றாகத் தூங்கி, ஒன்றாகப் பழகியவர்களுக்கே இது வரும். அடுத்த மாதமே டில்லியில் நடந்த டிராக் ஆசியக் கோப்பையில் பதக்கப் பட்டியலில் இந்தியா முதலிடத்தில் நின்றது.

இதில் உங்கள் பங்கை மறைத்துப் பேசுவது நன்றி கெட்ட செயலாகும். 2010 காமன்வெல்த் போட்டிக்காக டில்லி இந்திரா காந்தி விளையாட்டு வளாகத்தில் கட்டப்பட்ட உள்ளரங்கச் சைக்கிள் தடமான மரத்தளம், போட்டி முடிந்ததும் வெறும் கட்டடமாகிவிடும் என்று பலர் அஞ்சினார்கள். நீங்களும் இந்திய விளையாட்டு ஆணையமும் சேர்ந்து அதைப் பிள்ளைகள் தங்கிப் பழகும் அகாடமியாக மாற்றினீர்கள். எல்லாப் பிரிவிலும் கை வைத்து எதிலும் தேறாமல் போவதைவிட, குறுந்தூர வேகப் பந்தயமான ஸ்பிரிண்டை மட்டும் பிடித்துக்கொள்வது என்று முடிவு செய்தீர்கள். அது துணிச்சலான முடிவு, சரியான முடிவும்கூட. ஆசியக் கோப்பையை டில்லியிலேயே நடத்தியதால், விமானச் செலவில்லாமல் நம் இளையோர் பன்னாட்டுப் புள்ளிகளைச் சேர்க்கவும், வெளிநாட்டாரோடு தோள் உரசிப் பந்தயம் ஓட்டவும் முடிந்தது. 1946-இல் தொடங்கப்பட்ட கூட்டமைப்பின் வரலாற்றில் அந்தப் பன்னிரண்டு மாதங்களுக்கு ஈடான வேறொரு காலம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் அந்த ஆண்டை எல்லாரும் டில்லி மரத்தளத்தின் சாதனையாக மட்டுமே சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த நால்வர் எங்கிருந்து வந்தார்கள் என்று பாருங்கள். மூவர் மணிப்பூரைச் சேர்ந்தவர்கள், ஒருவர் அந்தமான் நிக்கோபாரைச் சேர்ந்தவர். அவர்களுக்கு முன்னால் இந்திய ஸ்பிரிண்டின் முகமாக இருந்த டெபோரா ஹெரால்டும் கார் நிக்கோபாரில் பிறந்தவர்; 2004 சுனாமியின்போது ஒன்பது வயதுச் சிறுமியாக மரக்கிளையைப் பற்றிக்கொண்டு நாட்கணக்கில் கிடந்து உயிர் பிழைத்தவர். பிறகு வந்த டேவிட் பெக்காமும் அதே தீவுகளைச் சேர்ந்தவர். (ரொனால்டோ, பெக்காம் என்று கால்பந்து ஆட்டக்காரர்களின் பெயரை வைத்த பெற்றோருக்குப் பிள்ளைகள் சைக்கிளில் பெயர் வாங்கிக் கொடுத்தது ஒரு தனிக்கதை.) 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி மணிப்பூரில் இருந்தவர்கள் ஏறத்தாழ 28.5 லட்சம் பேர், அந்தமான் நிக்கோபாரில் 3.8 லட்சம் பேர். இரண்டையும் கூட்டினாலும் மதுரை மாவட்டத்தின் 30.4 லட்சத்தைச் சற்றுத்தான் தாண்டும். இந்தியாவின் முதல் உலகத் தங்கம், நம் கணக்கில் ஒரே ஒரு மாவட்டத்தின் அளவுள்ள மக்களிடமிருந்து வந்திருக்கிறது.

இதற்குக் காரணமாக மலைக் காற்றையும் தீவு ரத்தத்தையும் சொல்கிறவர்கள் உண்டு. எங்கள் ஆசிரியர் அறையிலேயே அப்படிப் பேசியவர்கள் இருந்தார்கள். எனக்குத் தெரிந்த காரணம் எளிமையானது. இம்பாலில் குமன் லம்பாக் வளாகத்தில் சைக்கிள் தடம் இருக்கிறது. பிள்ளை டில்லியைப் பார்ப்பதற்கு முன்னமே பந்தயத் தடத்தின் சாய்தளத்தைப் பார்த்துவிடுகிறான். ஏசோவின் தந்தை சைக்கிள் வீரர், தாய் கபடி ஆட்டக்காரர்; அவரே முதலில் துடுப்புப் படகு வீரராகத்தான் தொடங்கினார், பின்னர் சைக்கிளுக்கு மாற்றப்பட்டார். வீட்டுக்கு அருகில் ஒரு தடமோ, வீட்டுக்குள்ளேயே விளையாட்டு அறிந்த ஒரு கண்ணோ இருந்ததால், அந்தப் பிள்ளைகள் தெரிவாளர் பார்வையில் பட்டார்கள். டில்லி அவர்களைச் செதுக்கியது உண்மை. ஆனால் செதுக்குவதற்குக் கல் டில்லியில் கிடைக்கவில்லை.

அந்த ஆண்டுக்குப் பிறகு நடந்ததும் ஊரறிந்ததே. டோக்கியோ ஒலிம்பிக்குக்கு நம் சைக்கிள் வீரர் எவரும் தகுதி பெறவில்லை. 1964-இல் அதே டோக்கியோவில் ஓட்டியதுதான் இன்றுவரை நம் கடைசி ஒலிம்பிக் ஓட்டம். 2022 ஜூனில் டில்லியில் நடந்த ஆசியத் தட சாம்பியன்ஷிப்பில் ரொனால்டோ சிங் தனிநபர் ஸ்பிரிண்டில் வெள்ளி வென்றபோது அரங்கமே எழுந்து நின்றிருக்கும் என்று செய்தியைப் படித்தபோது நினைத்துக்கொண்டேன். மூத்தோர் (சீனியர்) பிரிவில் அது பெரிய உயரம். ஆனால் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் பதக்கமில்லை. 1951-இல் டில்லியில் வென்றவையே ஆசிய விளையாட்டில் நம் சைக்கிள் பதக்கங்களாக இன்னும் நிற்கின்றன. 2024-இல் பாரிஸுக்குச் சைக்கிளோடு சென்றவர்கள் மாற்றுத்திறனாளி வீரர்களான அர்ஷத் ஷேக்கும் ஜோதி கடேரியாவும்தான். அவர்கள் சென்றது நமக்குப் பெருமை. மற்றவர்கள் செல்ல முடியாமற்போனதைப் பற்றித்தான் உங்களோடு பேச வேண்டியிருக்கிறது.

ஜூனியர் உலக சாம்பியன்கள் ஏன் மூத்தோர் பிரிவில் அதே உயரத்தில் நிற்கவில்லை என்ற கேள்விக்கு, பயணச் செலவு, வெளிநாட்டுப் பயிற்சி, கருவிகள், காயம் என்று நியாயமான விடைகள் பல உண்டு. ஒலிம்பிக் தகுதிக்கான புள்ளிகளை நீண்ட காலம் பல நாடுகளில் ஓட்டிச் சேர்க்க வேண்டும் என்பதையும் அறிவேன். ஆனால் ஓர் ஆசிரியனின் கண்ணுக்கு முதலில் தெரிவது வேறொன்று. ஃபிராங்க்ஃபர்ட்டில் வென்ற அந்த நால்வருக்குப் பின்னால், அவர்களுடைய இடத்தைப் பறித்துவிடுவோம் என்று மிரட்டும் நாற்பது பேர் இல்லை. அதே பெயர்களைத்தான் 2019-இலும் படித்தேன், 2022-இலும் படித்தேன். ஒரு பள்ளியில் தொடர்ந்து ஒரே நான்கு மாணவர்கள் பரிசு வாங்கிக்கொண்டிருந்தால் அந்த நால்வரைப் பாராட்டுவோம். அதே சமயம் அந்தப் பள்ளியில் வேறு யாரும் ஓடவே இல்லையா என்றும் கேட்போம்.

இப்போது எங்கள் மாவட்டத்துக்கு வருகிறேன். அண்ணா பிறந்தநாள் மிதிவண்டிப் போட்டியைத் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் நடத்துகிறது. 13, 15, 17 என்று மூன்று வயதுப் பிரிவுகள். ஒவ்வொன்றிலும் மாணவர், மாணவியர் தனித்தனி. சிறிய மாணவிகளுக்கு 10 கிலோமீட்டர், பெரிய மாணவர்களுக்கு 20 கிலோமீட்டர், மற்றவர்களுக்கு இடைப்பட்ட தூரம். இந்தியாவில் தயாரான சாதாரண மிதிவண்டி மட்டுமே அனுமதி. கீர் வைத்ததைக் கொண்டு வந்தால் ஓரமாக நிறுத்திவிடச் சொல்வோம். முதல் மூவருக்கு ரூபாய் 5,000, 3,000, 2,000. நான்காம் இடத்திலிருந்து பத்தாம் இடம்வரை வந்தவர்களுக்கு ஆளுக்கு 250. வயதுச் சான்றிதழ் இல்லாமல் யாரும் கோட்டில் நிற்க முடியாது. இந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் மனத்தில் வைத்திருங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

காலை ஆறு மணிக்கு அந்தக் கோட்டில் நின்று பார்த்தால்தான் அது என்னவென்று தெரியும். தம்பியின் சைக்கிளை வாங்கி வந்த அக்கா, மாமா கடையில் பால் கேன் கட்டும் சைக்கிளிலிருந்து கேரியரைக் கழற்றிவிட்டு வந்த பையன், பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டியில் மட்கார்டையும் செயின் கவரையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வந்தவன், இருக்கையை எவ்வளவு ஏற்றலாம் என்று பக்கத்தில் நிற்பவனிடம் கேட்டுக்கொண்டிருக்கும் சிறுமி, இப்படி. சிலர் செருப்போடு வருவார்கள்; விசில் ஊதியதும் செருப்பு அங்கேயே கிடக்கும், பிள்ளை போய்விடும். திரும்பி வரும்போது முதலில் தெரிவது ஆம்புலன்ஸின் விளக்கு, பிறகு காவல்துறை பைக், அதற்குப் பின்னால் தனியாக ஒரு தலை. அந்தத் தலை கடைசி முந்நூறு மீட்டரில் இருக்கையிலிருந்து எழுந்து நின்று மிதிக்கும் விதத்தைப் பார்த்து, இது சாதாரணக் கால் இல்லை என்று நான் பல தடவை எனக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஏழு நாள் இறங்காமல் சைக்கிள் ஓட்டுகிறவரைப் பார்க்க ஊர் முச்சந்தியில் கூட்டம் கூடிய காலத்திலிருந்தே இந்த மண்ணுக்குச் சைக்கிள்மேல் ஒரு பித்து உண்டு. அந்தப் பித்து இன்னும் தீரவில்லை என்பதற்கு அந்தக் காலைதான் சாட்சி.

இனி கணக்கு. ஆறு பிரிவு, ஒவ்வொன்றிலும் பத்துப் பரிசு, ஆக மாவட்டத்துக்கு அறுபது பெயர்கள். தமிழ்நாட்டில் மாவட்டங்கள் 38. ஆண்டொன்றுக்கு 2,280 பெயர்கள். வயதுச் சான்றிதழோடு, பள்ளி முகவரியோடு, சாலையில் ஓட்டிக் காட்டி வடிகட்டப்பட்டு, அரசு அலுவலகக் கோப்பில் உட்கார்ந்திருக்கும் 2,280 பெயர்கள். ஒரே பிள்ளை அடுத்த ஆண்டும் வரும் என்பதால் கொஞ்சம் கழித்துக்கொண்டாலும், பத்தாண்டில் பல ஆயிரம் பிள்ளைகள் ஆகிறார்கள். நான் அறிந்தவரையில், எங்கள் மாவட்டத்தில் பரிசு வாங்கிய பிள்ளை எதையும் அடுத்த வாரம் யாரும் அழைத்து, “வா, உன்னை ஒரு பந்தய சைக்கிளில் உட்கார வைத்துப் பார்க்கலாம்” என்று சொன்னதில்லை. பரிசுப் பணம் கிடைக்கும், சான்றிதழ் கிடைக்கும், அத்தோடு அந்தப் பிள்ளையின் சைக்கிள் வாழ்க்கை முடிந்தது.

ஒரு சிறுமியைச் சொல்கிறேன்; பெயர் வேண்டாம். பதின்மூன்று வயதுக்குட்பட்டோர் பிரிவில் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் முதலிடம். இரண்டாம் ஆண்டு அவளுக்கும் அடுத்தவளுக்கும் இடையில் கண்ணுக்கெட்டிய தூரம் சாலை காலியாகக் கிடந்தது. மாநிலத் தேர்வு ஒன்று நடக்கப்போவதாக அறிந்து அவளை அனுப்ப முயன்றேன். தேர்வு அறிவிப்பு ஒரு சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்திருந்தது, நடப்பதற்கு நான்கு நாட்களுக்கு முன்னால். அந்தக் குழுவில் நானும் இல்லை, எங்கள் பள்ளியும் இல்லை, யாரோ அனுப்பி யாரோ அனுப்பி மூன்றாம் நாள் என் கைக்கு வந்தது. ரயிலில் இடமில்லை. பேருந்தின் மேல் சைக்கிளைக் கட்டிக்கொண்டு அவளுடைய அப்பா கிளம்பத் தயாராக இருந்தார். ஆனால் அங்கே கொண்டு போக வேண்டிய வகைச் சைக்கிளே அவர்களிடம் இல்லை. போகவில்லை. அடுத்த ஆண்டு அவள் வளையப்பந்துக்குப் போய்விட்டாள், அதிலும் நன்றாகத்தான் ஆடினாள். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்தக் குழுவில் அறிவிப்பைப் போட்டவரும் சம்பளமில்லாமல் இந்த விளையாட்டுக்காக உழைக்கிறவராகவே இருப்பார். ஒரு பெயர் எந்த இடத்தில் காணாமல் போகிறது என்பதைக் காட்டவே சொன்னேன்.

ஆகையால் என் வேண்டுகோள் ஒன்றுதான்: அந்த 2,280 பெயர்களையும் வாங்குங்கள். மாநில ஆணையத்துக்கு ஒரு கடிதம் எழுதினால் கிடைக்கும். அவர்களை மண்டலத்துக்கு ஓரிடமாக அழைத்து ஒரே நாளில் சோதியுங்கள். 15 கிலோமீட்டர் சாலையில் முதலில் வருவதும் 200 மீட்டரில் வெடிப்பதும் வேறு வேறு திறமை என்பது எனக்கும் தெரியும். பத்தாவதாக வந்த பிள்ளையிடம் நல்ல ஸ்பிரிண்டர் ஒளிந்திருக்கலாம். நின்ற இடத்திலிருந்து எவ்வளவு உயரம் எழும்புகிறது, நிலைச் சைக்கிளில் ஆறு வினாடி முழு மூச்சில் மிதித்தால் எவ்வளவு திறன் வருகிறது என்று பார்க்க இரண்டு பயிற்சியாளர்களும் இரண்டு கருவிகளும் போதும். ஆயிரக்கணக்கில் சலித்தால் இருபது பேர் மிஞ்சுவார்கள். அந்த இருபது பேருக்காகத்தான் இவ்வளவும். தமிழ்நாட்டில் இந்தப் போட்டி இருப்பதால் இங்கே தொடங்குவது எளிது என்று சொல்கிறேன். மற்ற மாநிலங்களில் அந்த வேலையை வேறு போட்டி எதையாவது கொண்டு செய்யலாம்.

பிள்ளைகள் கிடைத்தால் சைக்கிள் எங்கே என்பீர்கள். நியாயம். தடத்தில் ஓட்டும் சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது, ஃப்ரீவீல் கிடையாது; சக்கரம் சுற்றும்வரை காலும் சுற்றியாக வேண்டும். அரசு தரும் மிதிவண்டியில் பழகிய பிள்ளை முதல் தடவை அதில் ஏறினால், வேகத்தைக் குறைக்க மிதிப்பதை நிறுத்துவான், பின்சக்கரம் அவனைத் தூக்கி எறியும். அந்தப் பயம் தெளிய ஒரு மாதமாவது ஆகும். அதுவரை ஓட்டிப் பழக விலையுயர்ந்த கார்பன் சட்டமெல்லாம் வேண்டியதில்லை. இரும்பிலோ அலுமினியத்திலோ செய்த எளிய தட சைக்கிள் போதும். 2023 நிதிநிலை அறிக்கையில் இறக்குமதி சைக்கிளுக்கான சுங்க வரி 30 விழுக்காட்டிலிருந்து 35 ஆக உயர்ந்தது. 2025 செப்டம்பரில் சைக்கிளுக்கும் உதிரிப் பாகங்களுக்கும் சரக்கு சேவை வரி 12-லிருந்து 5 ஆகக் குறைந்தது. முதலாவது, உள்நாட்டுத் தொழிற்சாலைகளைக் காக்க வந்தது. அதே தொழிற்சாலைகளிடம், லூதியானாவிலும் சென்னையிலும், மாவட்டத்துக்குப் பத்து என்ற கணக்கில் எளிய பயிற்சிச் சைக்கிள் செய்து தரச் சொல்லிக் கேட்கும் உரிமை கூட்டமைப்புக்கு இருக்கிறது. அவற்றைப் பிள்ளைக்குச் சொந்தமாகக் கொடுக்க வேண்டாம். பள்ளி நூலகத்தில் புத்தகம் இரவல் கொடுப்பதுபோல் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்து, வளர்ந்ததும் திரும்ப வாங்கி, அடுத்த பிள்ளைக்குக் கொடுக்கலாம்.

தடமும் இல்லாமல் இல்லை. பாட்டியாலா, புனே, ஹைதராபாத், திருவனந்தபுரம், இம்பால் என்று திறந்தவெளிக் கான்கிரீட் தடங்கள் இருக்கின்றன. சென்னைக்கு வெளியே மேலக்கோட்டையூரில் விளையாட்டுப் பல்கலைக்கழக வளாகத்துத் தடத்தில் 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளையோர் போட்டியின் சைக்கிள் பந்தயங்கள் நடந்தன. அந்தப் போட்டியில் 38 தங்கத்துடன் மொத்தம் 98 பதக்கங்கள் வென்று தமிழ்நாடு இரண்டாமிடம் பெற்றது. அதில் சைக்கிள் பிள்ளைகளுக்கும் பங்குண்டு. தடங்களில் நடக்கும் பந்தயங்கள் எத்தனை என்பதே என் கேள்வி. ஆண்டுக்கு ஒரு மாநிலப் போட்டி, தேறினால் ஒரு தேசியப் போட்டி என்றால், பதினைந்து வயதுப் பிள்ளை ஆண்டில் நான்கைந்து நாட்கள்தான் உண்மையான பந்தயம் ஓட்டுகிறது. கிரிக்கெட் ஆடும் பிள்ளை ஒரு மாதத்தில் அதைவிட அதிகம் ஆடிவிடும். மாதம் ஒரு ஞாயிறு, அருகில் எந்தத் தடம் இருக்கிறதோ அங்கே, பதக்கமும் மேடையும் மாலை மரியாதையும் இல்லாமல், நேரம் குறித்துக்கொடுக்கும் பந்தயம் மட்டும் நடத்தினாலே போதும். தேசியப் போட்டிகளின் தேதிகள் வெளிவருகின்றன. அவற்றுக்குக் கீழே மண்டலம், மாவட்டம்வரை நடக்கும் எல்லாவற்றையும் ஆண்டின் தொடக்கத்திலேயே ஒரே பட்டியலாக, தமிழிலும் மற்ற மொழிகளிலும் எவரும் பார்க்கும்படி வெளியிட்டால், அடுத்த முறை ஒரு தந்தை நான்கு நாளைக்கு முன்னால் ரயிலில் இடம் தேட வேண்டியிராது.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாக ஒரு சொல். டோக்கியோவுக்குப் பிறகு பெண்கள் குழு ஸ்பிரிண்டும் ஆண்களைப்போலவே மூவர் அணியாகிவிட்டது. முன்பு இருவர் போதும். அதாவது நாம் தேட வேண்டிய பெண் ஸ்பிரிண்டர்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. விளையாட்டில் பெண்களை ஊக்குவிக்கும் மத்திய அரசின் அஸ்மிதா திட்டத்தில் பெண்களுக்கான சைக்கிள் லீக் நடப்பது நல்ல செய்தி. ஆனால் 2022-இல் ஸ்லோவேனியாவில் பயிற்சி முகாமில் இருந்த வீராங்கனை ஒருவர் தம் பயிற்சியாளர்மீது புகார் கொடுத்ததையும், அந்த வீராங்கனை நாட்டுக்குத் திரும்ப அழைத்துக்கொள்ளப்பட்டதையும் எங்கள் ஊர்ப் பெற்றோரும் செய்தித்தாளில் படித்தார்கள். நான் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, “உங்கள் மகளை மேலே அனுப்புங்கள்” என்று பேசும்போது அவர்கள் முதலில் கேட்பது பரிசுத் தொகையைப் பற்றியன்று, “கூட எந்த டீச்சர் போவாங்க?” என்பதே. அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பெயர் இருக்க வேண்டும். ஒவ்வொரு முகாமிலும் ஒரு பெண் பயிற்சியாளரோ மேலாளரோ கட்டாயம் இருப்பார் என்று எழுத்தில் கொடுங்கள்; அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நான் எல்லா வீட்டுக்கும் போவேன்.

2026 ஜனவரியில் புனேயைச் சுற்றிப் பல நாள் சாலைப் பந்தயம் ஒன்று பன்னாட்டுத் தரத்தில் நடந்ததும் எனக்கு மகிழ்ச்சியே. அதற்காகக் கிராமச் சாலைகள் செப்பனிடப்பட்டன என்று படித்தபோது கொஞ்சம் பொறாமையும் வந்தது. சாலைப் பந்தயத்தில் கூட்டத்துக்குள் ஓட்டும் கலையை ஆண்டுக்கணக்கில் நூற்றுக்கணக்கான பந்தயங்களில்தான் கற்க முடியும் என்பதால், அங்கே நமக்குப் பதக்கம் வர இன்னும் காலமாகும். அதைப் பற்றி இங்கே அதிகம் எழுதப் போவதில்லை.

மாவட்ட வேலை மாநிலச் சங்கங்களின் வேலை, கூட்டமைப்பின் வேலையன்று என்று உங்களில் சிலர் சொல்லக்கூடும். விதிப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் 2018-க்கு முன்னால் ஸ்பிரிண்டைத் தேர்ந்தெடுத்ததும், பிள்ளைகளை டில்லியில் தங்கவைத்துப் பழக்கியதும், ஆசியக் கோப்பையை இங்கே கொண்டு வந்ததும் விதிப்புத்தகத்தில் எழுதியிருந்ததால் நடந்தவையல்ல. யாரோ ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து, இது என் வேலை என்று எடுத்துக்கொண்டதால் நடந்தவை. அப்படி இன்னொரு வேலையையும் எடுத்துக்கொள்ளும்படி கேட்கிறேன். மணிப்பூரும் நிக்கோபாரும் உங்களுக்கு ஓர் ஆண்டைக் கொடுத்தன. மீதி இந்தியா இன்னும் கணக்கில் வரவில்லை.

வரும் செப்டம்பர் 15-ஐ ஒட்டி எங்கள் மாவட்டத்தில் மறுபடியும் போட்டி நடக்கும். ஓய்வுபெற்றுவிட்டாலும் விசில் ஊத என்னைக் கூப்பிடுகிறார்கள். உங்கள் தேர்வாளர்களில் ஒருவரை, ஒரே ஒருவரை, அன்று அனுப்பி வையுங்கள். மேடையில் நாற்காலி போடமாட்டோம். போட்டால் அவர் முடிவுக் கோட்டைப் பார்க்க முடியாது. காலை ஐந்தரைக்கு வந்து விட வேண்டும், கைக்கடிகாரம் கொண்டுவர வேண்டும். பெயர் எழுதும் நோட்டை நான் கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்,
தென் தமிழ்நாடு.